மை தொடாத கட்டை

என் மாமனார் அந்த அருவிப் படத்தை நான் வேலை பார்க்கும் மரக்கட்டை அச்சுப் பதிப்பகத்திலேயே செய்யக் கொடுத்தார். தைஷோ ஒன்பதாம் ஆண்டு, அதாவது 1920, மார்ச் மாத நடுப்பகுதி. என் மனைவி ஸயோ போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் விஷக்காய்ச்சலுக்குப் பயந்து தோக்கியோவில் எல்லோரும் வாயில் துணி கட்டிக்கொண்டு நடந்தோம். ஸயோவும் கட்டியிருந்தாள். ஜனவரி எட்டாம் தேதி காய்ச்சல் வந்தது. பன்னிரண்டாம் தேதி முடிந்துவிட்டது. பையனுக்கு அப்போது ஆறு மாதம். பெயர் கெய்ஸாகு.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஷிராதோரி தாஹெய். சோஷி துறைமுகத்தில் ஐந்து தலைமுறையாக சோயா சாஸ் காய்ச்சும் வீடு. ஸயோ ஒரே மகள். கல்யாணத்தின்போது என்னை வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து அவர்கள் பெயரை ஏற்கச் சொன்னார். நான் மறுத்தேன். பல்கலைக்கழகத்தில் படித்த திமிர் என்று அவர் பக்கத்து ஆட்கள் பேசினார்கள். ஸயோ என் பக்கம் நின்றாள். இரண்டாவது பையன் பிறந்தால் அவன் ஷிராதோரி வீட்டுக்கு என்று பேசி முடித்தோம்.

"மாப்பிள்ளை, இனிமே ரெண்டாவது பையன்ங்கற பேச்சே இல்ல," என்றார். "கெய்ஸாகுவை எனக்குக் கொடுங்க. எங்க பேர்ல வளரட்டும். உங்களுக்கும் சின்ன வயசு. முன்னாடி ஒரு வாழ்க்கை கிடக்கு."

"யோசிச்சுச் சொல்றேன் மாமா," என்றேன்.

யோசிக்கவில்லை. அந்த நாட்களில் நான் எதையும் யோசிக்கவில்லை. காலையில் பையனை அடுத்த வீட்டுத் தோமி அக்காவிடம் கொடுப்பேன். அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது. இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள். மாலையில் தூங்குகிறவனை வாங்கி வந்து படுக்கவைப்பேன். இடையில் வேலை.

மாமனார் மறுபடி கேட்கவில்லை. படத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

மே ஐந்தாம் தேதி ஆண் குழந்தைகளின் நாள். குழந்தையின் முதல் மே ஐந்துக்குத் தாய் வீட்டிலிருந்து ஏதாவது வரும். கவசம் வரும், துணிக்கொடி வரும். ஷிராதோரி வீட்டில் இருபது படம் கேட்டிருந்தார்கள். அருவியில் ஏறும் கெண்டை மீன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, மீதி பதினெட்டு உறவினர் வீடுகளுக்கு.

முதலாளி யோகோஸே கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"உங்க மாமனார். நீங்களே பாத்துக்கங்க செகியா. வேற ஆள்கிட்ட கொடுத்தா நல்லா இருக்காது."

"சரி."

"உங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

ஓவியருக்கு மூன்று விஷயம் எழுதியிருந்தார் மாமனார். அருவியின் உச்சி தெரியக் கூடாது, தாளைத் தாண்டி மேலே போய்விட வேண்டும். மீன் பாதி உயரத்துக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். கீழே குளம் வேண்டாம், மூடுபனி போதும்.

எங்கள் தொழிலில் ஓவியர் வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். செதுக்குகிறவர் அதைச் செர்ரி மரக் கட்டைகளில் செதுக்குவார், நிறத்துக்கு ஒரு கட்டை. அச்சடிக்கிறவர் ஒவ்வொரு கட்டையாக அதே தாளில் ஒற்றி எடுப்பார். மூன்று பேரும் அவரவர் பங்கைத்தான் பார்ப்பார்கள். முழுப் படத்தையும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அது நான். முதல் மாதிரித் தாள் வந்ததும் சரிபார்த்து ஓரத்தில் என் சிவப்பு முத்திரையை வைப்பேன். முத்திரை விழாமல் இரண்டாவது தாள் அச்சாகாது. விழுந்த பிறகு எந்தக் குறையும் என் குறை.

வெளிநாட்டுக்காரர்களுக்காகப் படத்தைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதுவேன். இந்தப் படத்தை எந்த வெளிநாட்டுக்காரரும் வாங்கப்போவதில்லை. இருந்தாலும் பழக்கத்தில் எழுதினேன். 'அருவியை ஏறி முடிக்கும் கெண்டை டிராகன் ஆகும் என்பது நம்பிக்கை. உச்சி காட்டப்படாததால் ஏற்றத்துக்கு எல்லை இல்லை. குளம் இல்லாததால் பார்வை மேல்நோக்கியே போகிறது. நல்ல அமைப்பு.' இப்படி எழுதிக் கோப்பில் வைத்தேன். குளமே இல்லையென்றால் மீன் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் நடுவில் கட்டைகள் வந்தன. செதுக்குகிற கன்ஜிரோ கூடவே ஒரு சீட்டு வைத்திருந்தார். நிறக் கட்டை எட்டு, மை தொடாதது ஒன்று. மை தொடாத கட்டை எங்களுக்குப் புதிதல்ல. ஈரத்தாளை அதன்மேல் வைத்து அழுத்தினால் நிறம் ஏதும் இல்லாமல் தாளே மேடு பள்ளமாகும். பனிக்கும், கொக்கின் இறகுக்கும், அருவியின் நுரைக்கும் அப்படிச் செய்வோம். நுரைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி கன்ஜிரோவிடம் தனியாக ஒரு வரைபடத்தைக் கொடுத்திருந்தார். அதுவும் மாமனார் அனுப்பியது. எனக்குத் தெரியும் என்று முதலாளி நினைத்திருந்தார்.

மாதிரித் தாள் எடுத்த அன்று மழை. அச்சறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். அச்சடிக்கிற உமேகிச்சி, ஐம்பது வயது, சரிவான பலகையின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"படிச்சவரே, வாங்க. உங்க மீனு ரெடி."

தாளை வாங்கி விளக்கின் நேர் கீழே பிடித்தேன். அருவியை நாங்கள் அச்சடிப்பதில்லை. இரண்டு பக்கப் பாறையையும் அடிக்கிறோம். நடுவில் நிறம் படாமல் விட்ட தாள்தான் தண்ணீர். அதில் மூன்று நீலக் கோடுகள், மேலே அடர்ந்து கீழே வரவர வெளுத்துப் பனியில் கரைகிற மாதிரி. அந்த வெளுப்பைக் கட்டையில் செதுக்க முடியாது. உமேகிச்சி ஒவ்வொரு தாளுக்கும் ஈரத் தூரிகையால் கட்டையின் மேலேயே கொண்டுவருவார். மீனின் செதில் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது.

"எப்பிடி?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்காம். போன வாரம் பூனைப் படத்துக்கும் நல்லாருக்குன்னீங்க. அதுக்கு முந்தி எரிமலைக்கும் நல்லாருக்குன்னீங்க. ஒரு நாளாவது 'என்னய்யா கிழிச்சு வெச்சிருக்கே'ன்னு கேளுங்க. திட்டு வாங்காம எனக்குச் சோறு எறங்கமாட்டேங்குது."

"மேல நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருக்கலாம்."

"கேட்டுட்டாருய்யா! டேய், எல்லாரும் கேட்டுக்கங்க, செகியா ஐயா குறை சொல்லிட்டாரு!" உமேகிச்சி தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார். "தண்ணி வெளுப்பைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"சரியா பாத்தீங்களா?"

"பாத்தேன் அண்ணே."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "பெரிய மனசுதான்," என்றார். நீலத்தைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். முத்திரையை எடுத்து வைத்தேன்.

ஒரு வாரத்தில் இருபது தாளும் முடிந்தன. முதலாளியே சோஷிக்கு அனுப்பினார். மரியாதைக்காக, என் முத்திரை விழுந்த மாதிரித் தாளையும் சேர்த்து. என் பங்குக்கான படம் அங்கிருந்து சம்பிரதாயமாகத் திரும்பி வரும்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி மாமனாரின் கடிதம் வந்தது.

'படங்கள் வந்தன. உங்கள் முத்திரையைப் பார்த்தேன். நீங்கள் வாயால் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நிறைவாக இருந்திருக்காது. ஸயோவின் படத்துக்கு முன்னால் வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வீடுகளுக்கும் அனுப்பியாயிற்று. மே ஐந்தாம் தேதி குழந்தையை அழைத்துக்கொள்ள நானே வருகிறேன்.'

மூன்று முறை படித்தேன். கடிதத்தோடு அச்சறைக்குப் போனேன். அன்று நல்ல வெயில்.

"அண்ணே, அந்த அருவியில மை தொடாத கட்டை எதுக்கு?"

உமேகிச்சியின் தூரிகை நின்றது. "எதுக்குன்னா?"

"நுரைக்குத்தானே?"

"நுரைக்கா?"

அவர் எழுந்தார். மூலையில் கழித்துப் போட்ட தாள்களைக் கிளறி ஒன்றை உருவினார். நிறம் ஒரு நூல் தள்ளி விழுந்திருந்த தாள். அதை ஜன்னலருகே கொண்டுபோய்க் கண்மட்டத்தில் படுக்கையாகப் பிடித்தார்.

"இங்க வாங்க. குனிங்க. இன்னும் குனிங்க. வெயில் பக்கவாட்டுல அடிக்கணும். இப்பப் பாருங்க."

மீனின் தலைக்கு மேலே, தண்ணீரின் வெள்ளையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். அதற்குள் மூன்று கஷிவா மர இலைகள். நிறம் இல்லை, நிழல் மட்டும். ஷிராதோரி வீட்டுக் குலச்சின்னம்.

அவர் தாளைத் தட்டையாக வைத்தார். வெறும் தாள். மறுபடி சாய்த்தார். மூன்று இலை.

பையன் நாள் படத்தில் எந்த வீட்டுச் சின்னம் இருக்கிறதோ, பையன் அந்த வீட்டுக்கு உரியவன். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

"பாக்கலையா நீங்க?" உமேகிச்சியின் குரலில் கேலி இல்லை. "பாத்தேன்னீங்களே. ரெண்டு வாட்டி கேட்டேனே!"

"பாக்கல."

"அட போங்கய்யா." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கன்ஜிரோ அழுதுட்டான் தெரியுமா? 'பெத்த பையனையே கொடுக்கறாரு, மூஞ்சியில ஒரு சுருக்கம் இல்ல, இப்பிடி ஒரு மனுஷனா'ன்னு மூக்கைச் சிந்திக்கிட்டே செதுக்கினான். தேய்ப்பானால தேய்ச்சா அந்த ஆழம் வராதுன்னு நான் முழங்கையால அழுத்தி எடுத்தேன். இருபது தாளு. தோலு உரிஞ்சிருக்கு, பாருங்க."

முழங்கையைக் காட்டினார். உரிந்துதான் இருந்தது.

ஜன்னலோரம் நின்றேன். மாமனார் செய்தது மெதுவாகப் புரிந்தது. அவர் என்னை ஏமாற்றவில்லை. இரண்டாம் முறை வாயால் கேட்டால் நான் மறுக்கும்போது இருவருக்கும் அவமானம். அதனால் கேள்வியை என் கைவழியே போகிற இடத்தில் வைத்தார். எனக்கு விருப்பமில்லையென்றால் அந்த ஒரு கட்டையை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெறும் அருவி அவருக்குப் போய்ச் சேரும், அவர் புரிந்துகொள்வார், யாருக்கும் தெரியாது. இதைவிட மரியாதையாக ஒரு குழந்தையைக் கேட்க முடியாது. நான் முத்திரை வைத்துப் பதில் சொல்லியிருந்தேன்.

"கவனிக்கலைன்னு சொல்லிடுங்க," என்றார் உமேகிச்சி.

"சரிபாக்கறதுதானே என் வேலை."

"அதுவும் சரிதான். மானம் போகும். வேற என்ன சொல்வீங்க? பாத்தேன், இப்ப மனசு மாறிடுச்சுன்னா? அது அவரைச் செருப்பால அடிச்ச மாதிரி."

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இருப்பது. அதுதான் சுலபம். மே ஐந்தாம் தேதி அவர் வருவார், பையனைத் தூக்கிக்கொண்டு போவார். பையனுக்கு நல்ல வீடு. அவருக்கு வாரிசு. எனக்குக் காலையில் எழுந்து எங்கும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை. வெறும் தரையில் படுத்துக்கொள்ளலாம். அன்று மதியம் முழுக்க அந்த வழியில்தான் இருந்தேன்.

மாலையில் கொஞ்சம் முன்னாலேயே வீடு வந்தேன். தோமி அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, மாமனார் வீட்டுக்கு அனுப்பறதா இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லணும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும். திடீர்னு நிறுத்தினா அவனுக்கும் கஷ்டம், எனக்கும் கட்டிக்கும்."

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? நீங்க அவனை வாங்கற லட்சணத்துல தெரியுது. தபால்காரன்கிட்ட பார்சல் வாங்கற மாதிரி வாங்கறீங்க. கையெழுத்துப் போடாத குறைதான்."

அவள் உள்ளே போய் அவனைத் தூக்கி வந்தாள். விழித்திருந்தான். வழக்கமாக நான் வாங்கும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பான். என் விரலைப் பிடித்து வாயில் வைத்தான். கடித்தான். வலித்தது.

"பல்லு வந்திருக்கு," என்றேன்.

"மூணு வாரமாச்சு," என்றாள் தோமி அக்கா. "ரெண்டு. மேலயும் ஒண்ணு முட்டுது."

வீட்டுக்குக் கொண்டுபோனேன். மேற்குப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தேன். வெயில் இன்னும் இருந்தது. அவனை மடியில் கிடத்தி வாயைத் திறந்து பார்த்தேன். கீழே இரண்டு பல், அரிசி நுனி அளவு. தலையைச் சாய்த்து இந்தக் காதின் பின்னால் பார்த்தேன், அந்தக் காதின் பின்னால் பார்த்தேன். ஒரு காதின் பின்னால் காய்ந்த சிரங்கு. தாடைக்கு அடியில் சிவந்த தடிப்பு. வலது கைப் பெருவிரல் நகம் பிளந்திருந்தது. அவன் பொறுமை இழந்து கத்த ஆரம்பித்தான். நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். எனக்குள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இவற்றில் ஒன்றையும் இதற்கு முன் பார்த்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் முதலாளியிடம் விடுப்புக் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் கணக்கு மணிச் சட்டத்தை முன்னும் பின்னும் தள்ளினார். "வெளியில சொல்லாதீங்க," என்றார். "சரிபாக்கற ஆளு பாக்காம முத்திரை குத்தறாருன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் நம்ம படத்தை நம்ப மாட்டான்."

"சொல்லத்தான் போறேன்."

"பதினெட்டு வீட்டுலயுமா?"

"ஆமா."

"போயிட்டு வாங்க," என்றார். திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தோமி அக்கா அவனை என் முதுகில் கட்டிவிட்டாள். துணியை இரண்டு தோளிலும் கொண்டுவந்து மார்பில் குறுக்கே போட்டு, அவன் பின்பக்கத்துக்கு அடியில் சுற்றி, முன்னால் முடிச்சு. நான்கு முறை அவிழ்த்து என்னையே கட்ட வைத்தாள். "ஆம்பள முதுகுல பிள்ளை. ரயில்ல சிரிப்பாங்க," என்றாள். சிரித்தார்கள். ஒரு மாணவன் நண்பனை இடித்துக் காட்டினான். எதிரில் இருந்த மீன்காரி, "அம்மாக்காரி எங்கே ஓடிட்டா?" என்றாள். "ஜனவரியில செத்துட்டா," என்றேன். அவள் கூடையிலிருந்து ஒரு சோற்று உருண்டையை எடுத்து, கேட்காமலே என் கையில் வைத்தாள்.

சோஷியில் இறங்கியதுமே சோயா வேகும் வாடை. மாமனார் கடையின் முகப்பில் இருந்தார். என்னைப் பார்த்தார், முதுகில் பையனைப் பார்த்தார். படியிலிருந்து இறங்கி, வேலையாட்கள் பார்க்க, இடுப்பை வளைத்து என்னை வணங்கினார். மாமனார் மருமகனை வணங்கி நான் பார்த்ததில்லை.

"நீங்களே கொண்டு வந்துட்டீங்களா மாப்பிள்ளை! நான் வந்திருப்பேனே. இவ்வளவு தூரம், ரயில்ல…" கையை நீட்டினார். கெய்ஸாகு அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, உள்ள போய்ப் பேசணும்."

உள்ளறையில் படம் மாட்டியிருந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற சுவராகப் பார்த்து மாட்டியிருந்தார். மூன்று இலையும் வாசலிலிருந்தே தெரிந்தன.

உட்கார்ந்து நெற்றி பாயில் படக் குனிந்தேன். முதுகில் இருந்தவன் அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

"நான் அந்தச் சின்னத்தைப் பாக்கல."

அவருக்குப் புரியவில்லை. "எதை?"

"மாதிரித் தாள்ல. நேரா பாத்துட்டு முத்திரை வெச்சேன். சாய்ச்சுப் பாக்கல. நுரைன்னு நெனச்சேன்."

"சாய்ச்சுப் பாக்கறதுதானே உங்க தொழில்?"

"ஆமா. தப்பு முழுக்க என்னோடது."

அவர் படத்தைப் பார்த்தார். வெளியே யாரோ பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"சரி," என்றார். "இப்பப் பாத்துட்டீங்க. இப்பச் சொல்லுங்க."

"தர மாட்டேன் மாமா."

"காரணம்?"

"ரயில்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன். எல்லாக் காரணமும் உங்க பக்கம்தான் இருக்கு."

"அப்புறம்?"

"தர மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "கஷிவா மரத்துல புதுத் துளிர் வர்ற வரைக்கும் பழைய இலை உதிராது. காஞ்சு சுருண்டு கிளையிலயே தொங்கிட்டிருக்கும். அதுக்காகத்தான் எங்க வீட்டுக்கு அந்த இலை." நிறுத்தினார். "எனக்கு அறுபத்தி நாலு."

பையன் முதுகில் நெளிந்தான்.

"ஊர் முழுக்கப் போயிடுச்சு," என்றார். "பதினெட்டு வீடு. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. நேத்து மீன் சந்தையில வாழ்த்துச் சொன்னாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"நான் போய்ச் சொல்றேன். வீடு வீடா. சரிபாக்காதது நான்னு சொல்றேன். உங்க மேல ஒரு வார்த்தை வராது."

"இவனைச் சுமந்துக்கிட்டா?"

"ஆமா."

அவர் எழுந்து உள்ளே போனார். பேச்சு முடிந்துவிட்டது என்று நானும் எழுந்தேன். திரும்பி வந்தபோது வெளியே போகும்போது போடும் கறுப்பு மேலங்கியைப் போட்டிருந்தார்.

"மாமா, நீங்க எதுக்கு?"

"என் சொந்தக்காரங்க. உங்களுக்குப் பாதிப் பேரைத் தெரியாது. துறைமுகத்துச் சந்துல வழி தெரியாம சுத்துவீங்க." செருப்பை மாட்டினார். "உங்க மேல கோவம் தீரல. தெரிஞ்சுக்கங்க."

"தெரியும் மாமா."

முதல் வீடு அவருடைய அக்கா ஓதோஸேயுடையது. எழுபது தாண்டியவர், காது கேட்கும், கண் சுமார். படத்தைச் சமையலறைப் பக்கச் சுவரில் மாட்டியிருந்தார். நான் குனிந்து, மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். படத்தில் ஷிராதோரி வீட்டுச் சின்னம் அச்சாகியிருப்பது என் கவனக்குறைவு, அதை வைத்து யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"எந்தச் சின்னம்?" என்றார் ஓதோஸே.

"அருவியில இருக்கறது."

"அருவியில ஒண்ணுமில்லையே. வெள்ளையால்ல இருக்கு?"

மாமனார் தொண்டையைக் கனைத்தார். நான் படத்தைக் கழற்றி ஜன்னலருகே சாய்த்துக் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். விரலால் தடவினார்.

"அட, ஆமா. மூணு இலை. அப்ப பையனை நீ எடுத்துக்கறியா தாஹெய்?"

"இல்லக்கா," என்றார் மாமனார்.

"பின்ன எதுக்குடா எனக்குக் காட்டறீங்க? நான்பாட்டுக்கு மீனைப் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்."

"எல்லாருக்கும் அனுப்பிட்டேன்ல. தெரியணுமில்ல."

"எல்லாருக்கும் என்ன கண்ணு? நம்ம கொஹெய்க்கு எதிர்ல நிக்கற ஆளே தெரியாது." ஓதோஸே என் பக்கம் திரும்பினார். "நீ வாயைத் திறந்து சொல்லு. பிள்ளை யார்கிட்ட இருப்பான்?"

"என்கிட்ட."

"கேக்கல."

கேட்டிருந்தது. "என்கிட்டதான் இருப்பான் அத்தை," என்றேன். சத்தமாக வந்துவிட்டது. கெய்ஸாகு திடுக்கிட்டு அழுதான்.

மாமனார் படத்துக்குக் கையை நீட்டினார். "இதைக் கொடுத்துடுக்கா. எல்லாத்தையும் திரும்ப வாங்கிக் கொளுத்திடலாம்னு இருக்கேன்."

"தர மாட்டேன். மீன் நல்லாருக்கு." அவர் படத்தை மறுபடி அதே ஆணியில் மாட்டினார். நேராக.

அதற்குப் பிறகு மாமனார் யாரிடமும் படத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டாவது வீட்டில் சின்னத்தைப் பார்த்திருந்தார்கள். எங்களுக்கு இனிப்பு வைத்து, நாங்கள் சொல்லி முடித்ததும் அதை எடுக்கலாமா விடலாமா என்று தெரியாமல் விழித்தார்கள். மூன்றாவது வீட்டில் என்னைத் திட்டினார்கள். சரியாகத்தான் திட்டினார்கள். நான்காவது வீட்டில் பையனுக்குத் துணி மாற்றினேன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க. ஐந்தாவது வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் சொல்ல வேண்டிய வாக்கியம் வாயில் தேய்ந்து சின்னதாகிவிட்டது. "பார்க்காமல் முத்திரை வைத்தேன். பையன் என்னோடு இருப்பான்." அவ்வளவுதான்.

ஏழாவது வீட்டில் யாரும் இல்லை. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்று பக்கத்தில் சொன்னார்கள். வாசல் கல்லில் உட்கார்ந்தோம். காற்றில் உப்பு. பையன் தூங்கிவிட்டான். துணி என் தோளை அறுத்துக்கொண்டிருந்தது.

"அடுத்த வீடு மேட்டுல இருக்கு," என்றார் மாமனார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "அது வரைக்கும் நான் தூக்கட்டுமா?"

"தூக்குங்க."

அவருக்குக் கட்டத் தெரியவில்லை. துணியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டார். நான் எழுந்து பையனை அவர் முதுகில் வைத்து, தோளில் கொண்டுவந்து, மார்பில் குறுக்கே போட்டு முடிச்சுப் போட்டேன். அவர் அசையாமல் நின்றார்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கட்டும்."

மேட்டில் ஏறினோம். அவர் மெதுவாக நடந்தார். நான் பின்னால் நடந்தேன். வாசலில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தாள். நான் முன்னால் போனேன்.